சீதேவி கட்டிய கட்டு

சீதேவியின் கால்புண் ஆறிய கதை கடலோரச் சல்லிக் கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் யாரும் அகப்பட்டால் அவளே பிடித்து வைத்துச் சொல்லிவிடுவாள். கருவாடு போடுகிற பெண் அவள். விடிந்ததும் மீனைக் கீறி, உப்பு அடுக்கி, காயவைக்கிற பரணில் பரப்பி, வெயில் ஏறப் புரட்டி, காகம் விரட்டி, பொழுதுபட அள்ளிக் கட்டும் வரைக்கும் நின்றநிலைதான். அப்படி நின்று நின்றே வலது காலில் நரம்புகள் புடைத்து முடிச்சு முடிச்சாகத் தெரிந்தன. பிறகு கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்தது, கடித்தது, சொறிந்த இடம் புண்ணானது. உப்புத் தண்ணி பட்டால் ஆறிவிடும் என்று யாரோ ஒரு புண்ணியவதி சொல்லிவைத்தாள். உப்பில் ஊறினால் கருவாடாகலாம், புண் எப்படி ஆறும்? இரண்டு மாரி அந்தப் புண்ணோடு இழுபட்டாள்.

கடைசியில் அதை ஆற்றியது ஒரு துணி. கட்டியவள் ஹுஸ்னியா. குறிஞ்சாக்கேணியிலிருந்து ஸ்கூட்டியில் பாலம் தாண்டி வந்து கிளினிக்கில் வேலை செய்கிற மிஸி. தாதிமாரை எங்கள் பக்கத்தில் மிஸி என்றுதான் சொல்வது. அவள் முதலில் சீதேவியின் பாதத்தின் மேல் விரல் வைத்து எதையோ தேடினாள், கிடைத்ததும் தலையாட்டிக்கொண்டாள். கால் நரம்பு சோர்ந்துபோய் ரத்தம் மேலே ஏறாமல் கீழேயே தேங்கி நிற்கிறது, அதுதான் புண் ஆறவில்லை என்று சொன்னாள். விரலடியில் தொடங்கி முழங்கால் மட்டும் இழுபடுகிற துணியால் இறுக்கிக் கட்டினாள். இருக்கும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்கச் சொன்னாள். நெஞ்சுக்கு மேலே கால் இருக்கவேண்டும் என்றாள்.

சீதேவி சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். கிளினிக்கில் இரண்டு துணி கொடுத்திருந்தார்கள், ஒன்று காலில், ஒன்று கொடியில். கருவாட்டு மணம் படாமல் வீட்டுக்கு மறுபக்கம் தனிக்கொடி கட்டி அதைக் காயப்போட்டாள். கட்டுகிற கைப்பக்குவம் வேறு வந்துவிட்டது. கொஞ்ச நாளில் ஹுஸ்னியாவே அவளைக் கூப்பிட்டு, புதிதாக வந்த பெண்களுக்குக் கட்டிக் காட்டச் சொன்னாள். புண் வாய் மூடிப் புதுத்தோல் வந்தபோது, கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு நேரே கிளினிக்குக்கு ஒரு பார்சல் பாரைக் கருவாட்டோடு போனாள். பிரஷர்காரர் நிற்கிற இடத்துக்குக் கருவாடு கொண்டுவந்தவள் நீங்கள் ஓராள்தான் என்று ஹுஸ்னியா சிரித்தாள்.

பிரஷர்காரர் ஒருவர் சீதேவியின் வீட்டிலேயே இருந்தார். அவளுடைய புருஷன் தங்கத்துரை, கரைவலை இழுக்கிறவர். கயிற்றை இடுப்பில் கொழுவிக்கொண்டு, மணலில் குதிக்காலை ஊன்றி, பின்னுக்குப் பின்னுக்கு நடந்து வலையைக் கரைக்கு எடுக்கிற வேலை. அவருக்குப் பிரஷர் என்று கண்டுபிடித்துப் பல வருஷம். டொக்டர் கொடுத்த குளிசை போட்டால் தலை சுற்றுகிறது என்று வலை இழுக்கிற நாளில் போடமாட்டார். இழுக்காத நாளில் உடம்பு நல்லாய்த்தானே இருக்கிறது என்று போடமாட்டார். குளிசை அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது.

கொஞ்சக் காலமாகக் கயிற்றோடு நடக்கையில் அவருடைய இடது கெண்டைக்கால் பிடித்தது. நின்றால் விட்டது, நடந்தால் திரும்பப் பிடித்தது. இழுவையில் சும்மா நின்றால் மற்றவர்கள் ஏசுவார்கள். ஆகவே நிற்பதற்குச் சாட்டாக ஒரு சிகரட்டைப் பற்றவைப்பார். கால் விட்டதும் இழுப்பார். அந்த நோவை வளர்த்ததே சிகரட்தான் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் விட்டிருப்பாரா என்பது வேறு கதை. பிறகு படுத்திருக்கும்போதும் பாதம் உளையத் தொடங்கியது. கட்டிலில் காலை நீட்டினால் உளைவு, கீழே தொங்கப்போட்டால் சுகம். கதிரையில் இருந்தபடி காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நித்திரை கொள்ளப் பழகினார்.

சீதேவியின் ஆய்க்கினை தாங்காமல் ஒருநாள் கிளினிக்குக்குப் போனார். அன்றைக்கு மீன் வந்திருந்ததால் அவளால் கூடப் போக முடியவில்லை. ஹுஸ்னியா அவருடைய இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே டொக்டரிடம் அனுப்பினாள். டொக்டர் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கும் என்று ஸ்கேனுக்கு நாள் குறித்தார். விளங்கப்படுத்துகிற வேலை மிஸியுடையது. அவள் படித்த புத்தகங்களில் ரத்தத்தைக் கொண்டுபோகிற குழாய்க்கு நாடி என்று பெயர், திருப்பிக் கொண்டுவருகிற குழாய்க்கு நாளம் என்று பெயர்.

"அண்ணன், உங்கட கால்ல நாடி அடைச்சிரிக்கி," என்றாள்.

தங்கத்துரை சவரம் செய்யாத தன்னுடைய நாடியைத் தடவினார். "நாடியோ? காலிலயோ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முகத்தில் வாய்க்குக் கீழே இருக்கிறதுதானே நமக்கு நாடி. ஹுஸ்னியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. சரி, நரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், கால் நரம்பில் அடைப்பு என்றாள். அது உடனே விளங்கியது. நரம்பு எல்லாருக்கும் தெரியும். தோலுக்குக் கீழே ஓடுவதெல்லாம் நரம்புதான். துடிப்பதும் நரம்பு, புடைப்பதும் நரம்பு, சுண்டி இழுப்பதும் நரம்பு. சிகரட்டை விடச் சொன்னாள், குளிசையைத் தவறாமல் போடச் சொன்னாள், ஸ்கேனுக்குக் கட்டாயம் வரச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்று தலையாட்டினார்.

ஸ்கேன் நாளன்று கடலில் நெத்தலி பட்டது. வலைக்காரனிடம் அதற்கு மேல் ஒன்றும் கேட்கக்கூடாது.

வீட்டில் சீதேவி கேட்டபோது, கால் நரம்பு வருத்தமாம் என்று சொன்னார். தன்னுடையதைப் போலவா என்று அவள் கேட்டாள். நரம்பு என்றுதான் மிஸி சொன்னவ என்றார். சீதேவிக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. நரம்பு வருத்தத்துக்கு மருந்து இந்த வீட்டிலேயே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டு துணியில் புதியதை அவருக்குக் கொடுத்தாள். இழுவை போய்த் தொய்ந்துபோன பழையதைத் தன் காலில் சுற்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, கிளினிக்கில் பழகியபடியே விரலடியிலிருந்து முழங்கால் வரைக்கும் சுருக்கம் விழாமல் இறுக்கிக் கட்டினாள். காலுக்குக் கீழே தலையணை இரண்டும், அதற்குக் கீழே மடித்த பழைய வலையும் வைத்தாள். காலைத் தொங்கப்போடுகிற பழக்கத்தை இன்றோடு விடவேண்டும், அதனால்தான் வருத்தம் முற்றியது என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவர் இறக்கினால் அவள் தூக்கி வைத்தாள். திரும்ப இறக்கினால் திரும்பத் தூக்கி வைத்து ஏசினாள். முப்பது வருஷமாக இந்த மனுசன் சொல்வழி கேட்டதில்லை, இந்த ஒன்றையாவது கேட்கட்டும் என்பது அவளுடைய பிடிவாதம். ஆச்சரியம் என்னவென்றால், கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். நோகிறதா என்று கேட்டால் பரவாயில்லை என்றார்.

புதன்கிழமை ஹுஸ்னியா சல்லிக்கு வந்தாள். தங்கத்துரை ஸ்கேனுக்கு வரவில்லை என்று அறிந்ததிலிருந்து அவளுக்கு மனம் சரியில்லை. வீடுகளைப் பார்க்கப் போகிற நாளில் இந்த வீட்டையும் சேர்த்துக்கொண்டாள். கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. பரண் நிறைய நெத்தலி வெள்ளிபோலக் காய்ந்தது. சீதேவி தலையில் துவாய் கட்டிக்கொண்டு புரட்டிக்கொண்டிருந்தாள். மிஸியைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு ஓடிவந்தாள். தேத்தண்ணி வைக்கிறேன் என்றாள். காலைத் தூக்கிக் காட்டினாள். ஹுஸ்னியா குனிந்து பார்த்து, தோல் நல்லாயிருக்கிறது, ஆனால் துணி தொய்ந்துவிட்டதே, மற்றது எங்கே என்று கேட்டாள்.

"அது அவருக்குக் கட்டினனான்," என்றாள் சீதேவி. முகம் பெருமையில் மலர்ந்தது. "உங்கள மாதிரியேதான் மிஸி. ஒரு சுருக்கு விழேல்ல. காலையும் உயத்தி வச்சிருக்கிறன்."

ஹுஸ்னியா நிமிர்ந்தாள். "எப்ப இருந்து?"

"ஞாயிறு தொட்டு. கழட்டவே விடேல்ல நான்."

ஹுஸ்னியா செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் போனாள். ஒரு நாளும் அப்படிச் செய்யாதவள். சீதேவிக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

உள்ளே தங்கத்துரை மல்லாந்து படுத்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. இடது கால் தலையணைகளின் மேலே நின்றது. வந்திட்டீங்களோ மிஸி, நல்லாய்த்தான் இருக்கு என்று சொல்லப் பார்த்தார், குரல் பாதியில் நின்றுவிட்டது. ஹுஸ்னியா தலையணைகளை உருவி எறிந்தாள். துணியின் முடிச்சை அவிழ்த்துச் சுற்றுச் சுற்றாகக் கழற்றினாள். சீதேவி நல்லாய்த்தான் கட்டியிருந்தாள். அவ்வளவு நல்லாய்க் கட்டியிருக்க வேண்டாம் என்று ஹுஸ்னியாவுக்குத் தோன்றியது.

பாதம் மெழுகாக வெளுத்திருந்தது. விரல்கள் நீலம். பெருவிரல் நுனி கறுப்பு. தொட்டாள், ஐஸ்பெட்டி மீன் போலக் குளிர்ந்தது. பாதத்தின் மேல் விரல் வைத்துத் தேடினாள். கணுக்காலுக்குப் பின்னால் தேடினாள். முழங்காலின் மடிப்பில் தேடினாள். ஒரு துடிப்பும் இல்லை. மற்றக் காலில் தேடினாள், அங்கே மெல்லிசாக ஒன்று ஓடியது. அவரைத் தூக்கி இருத்தி, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டாள். தங்கத்துரையின் வாயிலிருந்து பெரிய மூச்சொன்று வந்தது. அந்த மூச்சு வந்த விதத்தில் அவருக்கு ஏதோ விளங்கிவிட்டது என்று ஹுஸ்னியா கண்டுகொண்டாள். அவர் மனைவியை ஒருதரம் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

பிரஷர் பார்த்தாள். இருநூறைத் தாண்டி நின்றது.

சீதேவி குசினிக்குள் ஓடிச் சுடுதண்ணியும் எண்ணெயும் கொண்டுவந்தாள். கால் குளிர்ந்துகிடக்கிறதே, உரஞ்சிவிட்டால் சூடு வரும் என்றாள்.

"வேணாம் அக்கா. சூடு வைக்கவும் வேணாம், உரஞ்சவும் வேணாம். கால்ல உணர்வு இல்ல, வெந்தாலும் அவருக்குத் தெரியாது. கிருஷாந்தனக் கூப்பிடுங்க. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

கிருஷாந்தன் அவர்களுடைய மகன். ஓட்டோ ஓடுகிறவன். கரையில் மீன்பெட்டி ஏற்றிக்கொண்டு நின்றவன் பெட்டிகளை மணலிலேயே இறக்கிவிட்டு வந்தான். பின்சீற்றில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். தங்கத்துரை நடுவில், சீதேவி ஒரு பக்கம், மிஸி மறுபக்கம். பரணில் கிடந்த நெத்தலியைக் காகத்துக்கு விட்டுவிட்டுப் போவது சீதேவியின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும் றோட்டுக் குழியில் ஓட்டோ தூக்கிப் போட்டது. சீதேவியின் கை தன்பாட்டில் புருஷனுடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தது. ஹுஸ்னியா குனிந்து அதை எடுத்துக் கீழே விட்டாள். தூக்காதீங்க அக்கா என்றாள். கொஞ்சத் தூரம் போனதும் அவர் நோவில் முனகினார். திரும்பவும் சீதேவியின் கை போனது. திரும்பவும் ஹுஸ்னியா இறக்கிவிட்டாள். உப்புவெளி கடைத்தெருவில் ஒரு பஸ் வழிவிடாமல் நின்றது. கிருஷாந்தன் ஹோனை அழுத்திப் பிடித்தான். சீதேவிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன் மிஸி தூக்கக்கூடாது? எனக்குத் தூக்கி வைக்கச் சொன்னது நீங்கள்தானே?"

"உங்களுக்கு வந்த நரம்பு வேற அக்கா, அண்ணனுக்கு வந்த நரம்பு..."

தன் வாயிலிருந்து வந்த சொல்லைத் தானே கேட்டு ஹுஸ்னியா நின்றுவிட்டாள். கிளினிக் வரிசையும் சிரிப்பும் நாடியைத் தடவிய கையும் அவளுக்கு முன்னே வந்து நின்றன. அவள் மேலே சொல்வதற்குள் தங்கத்துரை குறுக்கே விழுந்தார். வாயை மூடிக்கொண்டு வா, மிஸிக்குத் தெரியாததா உனக்குத் தெரியும் என்று மனைவியை அதட்டினார். சொல்லும்போதே அவருடைய கை ஹுஸ்னியாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. அது நோவில் பிடித்த பிடி அல்ல. துறைமுகம் தெரிகிற திருப்பம் வரைக்கும் அந்தப் பிடி விடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓட்டமும் நடையுமாக எல்லாம் நடந்தது. ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், காலின் மேல் ஜெல் பூசி ஒரு கருவியை வைத்து ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே சத்தமே இல்லை. சத்திரசிகிச்சை டொக்டர் கிருஷாந்தனைக் கூப்பிட்டுப் பேசினார். குழாய் கனகாலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டு வந்திருக்கிறது, பிரஷரும் சிகரட்டும் செய்த வேலை, இப்போது அடியோடு நின்றுவிட்டது, தசை செத்துவிட்டது என்றார். முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. மற்றக் காலிலும் அடைப்பு இருக்கிறது, அதை இனிக் கண்போலப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார்.

ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக முன்னம் தங்கத்துரை ஹுஸ்னியாவைக் கிட்டக் கூப்பிட்டார். சீதேவி மருந்து வாங்குகிற ஜன்னலடியில் நின்றாள்.

"மிஸி, அந்தக் கட்டைப் பற்றி அவளிட்டச் சொல்லாதைங்கோ. சிகரட் எண்டு சொல்லுங்கோ. அது பொய்யில்லைத்தானே?"

"நோவு எடுத்திரிக்கும். அப்பவே கழட்டியிருக்கலாமே அண்ணன்."

"கழட்டியிருக்கலாம். ரெண்டு வருஷமா அந்தப் புண்ணோட அவள் பட்ட பாட்டை நான் பாத்தனான். புதுத் துணிய எனக்குக் கட்டிப்போட்டுப் பழசைத் தான் கட்டினவள். நோகுது, கழட்டு எண்டு எப்பிடிச் சொல்லுறது? எனக்கு வாய் வரேல்ல."

ஹுஸ்னியா அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அவர் கிடந்த வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று பின்னேரம் சல்லியில் விட்டுவந்த ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில் கிண்ணியாப் பாலத்தில் நிறுத்திவிட்டு நின்றாள். காற்று முகத்தில் அடித்தது. அந்த மனுசன் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. கால் போனது போனதுதான். அதற்குமேல் ஒரு பெண்ணின் தலையில் இந்தப் பழியை எதற்குச் சுமத்தவேண்டும்? சொன்னால் சீதேவி தாங்கமாட்டாள். ஹுஸ்னியாவுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. சொல்லாமல் விட்டால் தன்னுடைய பிழையும் அதோடு சேர்ந்து மறைந்துபோகும். அந்த எண்ணம் வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வார்ட்டுக்குப் போய், சீதேவியின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு, ஒன்றையும் சொல்லாமல்தான் வந்தாள்.

சீதேவி அழுது முடித்து, தன் கணக்கில் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கட்டத் தொடங்கியது பிந்திவிட்டது, அதுதான் பிழை. தன் காலைக் கவனித்த நேரத்தில் அவருடைய காலைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். ஒரு மாதம் முந்திக் கட்டியிருந்தால் அந்தக் கால் தப்பியிருக்கும். வார்ட்டில் பக்கத்துக் கட்டில்களைப் பார்க்க வந்த பெண்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை நோயாளரைப் பார்க்கிற நேரத்துக்கு ஹுஸ்னியா வந்தபோது வார்ட் சனத்தால் நிறைந்திருந்தது. தங்கத்துரை கட்டிலில் சாய்ந்து இருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் கட்டோடு முடிந்துபோயிருந்தது. வலது பாதம் கட்டில்விளிம்பில் கதிரை போட்டு இருந்த சீதேவியின் மடியில் கிடந்தது. பக்கத்தில் புட்டும் சொதியும் கொண்டுவந்த பை. அதற்குள்ளிருந்து அவள் ஒரு சுருள் துணியை எடுத்தாள். அவிழ்த்து எறிந்த அதே துணி. தோய்த்து, காயவைத்து, சுருக்கமில்லாமல் சுருட்டியிருந்தாள். நுனியை அவருடைய விரலடியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"வாங்கோ மிஸி," என்றாள் நிமிராமலே. "ஒண்டு போட்டுது. மற்றதையாவது நேரத்தோட கட்டிக் காப்பாத்துவம் எண்டு வந்தனான்."

தங்கத்துரை ஹுஸ்னியாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. மனுசன் மற்றக் காலையும் கொடுத்துவிடுவார், வாயைத் திறக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. இப்படியும் ஒரு விசர் மனுசன்.

ஹுஸ்னியா சீதேவியின் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"கட்டாதீங்க அக்கா. இது அண்ணனுக்குக் கூடாது. அந்தக் காலுக்கும் கூடாது."

சீதேவியின் கை நின்றது. ஹுஸ்னியா கட்டிலோரத்தில் குந்திக்கொண்டு, மெதுவாக, மறைக்காமல் சொன்னாள். காலுக்கு ரத்தம் போகிற பாதை ஒன்று, திரும்பி வருகிற பாதை இன்னொன்று. சீதேவிக்குத் திரும்பி வருகிற பாதை பழுது, தேங்கிய ரத்தத்தை மேலே அனுப்பத்தான் கட்டும் உயரமும். அவருக்குப் போகிற பாதையே அடைப்பு. கசிந்து கசிந்து போன கொஞ்சத்தையும் இறுக்கிக் கட்டினால் நிறுத்திவிடும், உயர்த்தி வைத்தால் ஏறாமல் விட்டுவிடும். அவர் காலைத் தொங்கப்போட்டது சோம்பலால் அல்ல, அப்படி விட்டால்தான் ரத்தம் கொஞ்சமாவது இறங்கும்.

சீதேவி தான் சுற்றிய ஒரு சுற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதைக் கழற்றினாள்.

"அப்ப அந்தக் கால் போனது என்னாலயோ?"

"அடைப்பு முதல்லயே வந்திட்டு. கட்டாட்டியும் அந்தக் கால் போயிரிக்கலாம். தப்பியும் இருக்கலாம். எனக்கு உண்மையாத் தெரியா அக்கா. ஆனா கட்டு கெடுதல்தான் செஞ்சது. ரெண்டு பேருக்கும் நரம்பு எண்டு சொன்னது நான். ஒரே சொல்லச் சொன்னா ஒரே மருந்தத்தானே செய்வீங்க."

தங்கத்துரைக்குக் கோபம் மூக்கில் ஏறியது. "மிஸி, நான் உங்களிட்ட என்ன கேட்டனான்? ஒண்டே ஒண்டுதானே கேட்டனான்."

சீதேவி புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவளுக்கு விளங்கிவிட்டது. அந்த நாலு நாளும் அவர் பல்லைக் கடித்தது, பரவாயில்லை என்றது, ஓட்டோவில் அதட்டியது எல்லாம் ஒன்றாய் விளங்கியது. கண் நிறைந்தது. துடைக்காமல் விட்டாள்.

"மிஸியை ஏசாதைங்கோ. சொல்லாட்டி இந்தக் காலையும் நான் கட்டியிருப்பன். நீங்களும் பாத்துக்கொண்டு கிடந்திருப்பியள்."

சீதேவி மடியிலிருந்த பாதத்தை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே மெல்லத் தொங்கவிட்டாள். இந்தக் காலுக்கு என்ன செய்யவேண்டும், ஒவ்வொன்றாகச் சொல்லித்தாருங்கள் என்று ஹுஸ்னியாவிடம் கேட்டாள். ஹுஸ்னியா சொன்னாள். குளிசை ஒரு நாளும் விடக்கூடாது, சிகரட் வாசமே படக்கூடாது, தினமும் விரலிடுக்கு எல்லாம் பார்க்கவேண்டும், வெறுங்காலோடு மணலில் இறங்கக்கூடாது, உப்பைக் குறைக்கவேண்டும். சீதேவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். உப்பு என்றபோது தன் கையை ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

சொல்லிக்கொண்டே வந்த ஹுஸ்னியாவின் கண் கதிரைக்குக் கீழே போனது. ஆஸ்பத்திரியில் நின்றும் இருந்தும் சீதேவியின் வலது கால் வீங்கிப்போயிருந்தது. புதுத்தோல் மினுங்கிக்கொண்டு, எப்போது வெடிப்பேன் என்று நின்றது. காலில் கட்டே இல்லை.

"அக்கா, இது என்ன கோலம்? இப்பவே கட்டுங்க. காலத் தூக்கி வைங்க."

சீதேவி மறுப்புச் சொல்லாமல் குனிந்து அந்தத் துணியைத் தன் காலில் கட்டினாள். இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டவேண்டியிருந்தது. கட்டி முடித்தும் கால் நிலத்திலேயே இருந்தது. வைப்பதற்குக் கட்டிலைத் தவிர வேறு இடம் இல்லை. படுத்திருக்கிற புருஷனுக்கு நேரே காலை நீட்டி இருக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை, அதுவும் இத்தனை பேர் பார்க்க. பரவாயில்லை, வீட்டுக்குப் போய் வைக்கிறேன் என்றாள்.

தங்கத்துரை போர்வையை ஒதுக்கினார். தன்னுடைய இடது முழங்காலுக்குக் கீழே வெறுமையாய்க் கிடந்த மெத்தையைக் கையால் தட்டினார்.

"இஞ்ச இடம் கிடக்குத்தானே. தூக்கி வை."